அத்தையின் காரில் இன்னும் ஒரு வேலை

அத்தை வாங்கிய கார் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த அன்று ஓடித்தான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் அது எங்கேயும் ஓடவில்லை. சாத்தூரில் ஒரு ஷெட்டில், சக்கரங்கள் கழற்றப்பட்டு, மரக்கட்டைகளின் மேல் நின்றது. விருதுநகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரு முனகலும் இல்லாமல் வந்த வண்டி இது என்று அப்போது யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். காலை ஆறு மணியிலிருந்தே பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற சாலையில்தான் எங்கள் வீடு. வேனும் லாரியும் மினி பஸ்ஸும் எங்களுக்குப் பழக்கம். ஆனால் ஒரு வீட்டின் முன்னால் அந்த வீட்டுக்காரர்களுக்கே சொந்தமாக நிற்கும் கார் என்பது ஊரில் இரண்டே இரண்டுதான். மூன்றாவது எங்கள் அத்தையுடையது. வெள்ளை நிறச் சின்னக் கார். பின்பக்கம் இடது மூலையில் ஒரு நசுங்கல். உள்ளே ஊதுபத்தி வாசனை. அதை வைத்திருந்தவர் தினமும் காருக்குச் சாமி கும்பிட்டிருக்க வேண்டும்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மாமா இறந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் கோணலாக இருக்கும். நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறும். அதனால் அவளுடைய தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருந்தது. சிலர் உயரமாகவும் சிலர் கறுப்பாகவும் இருப்பதைப்போல அத்தையின் கால் அப்படி இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்குக் காரணம் என்று ஒன்று இருக்கும் எனக் கேட்கவே தோன்றியதில்லை.

ஜாக்கெட் தைக்கிறவளுக்குக் கார் எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். சிலர் அவளிடமே கேட்டார்கள். அவளுக்கு ஒரே மகள். ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மகள் ஐந்து மாதக் கர்ப்பம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

"எம்மகள பஸ்ஸுல குலுக்கிக்கிட்டுக் கூட்டியாரணுமாக்கும்?" என்பாள் அத்தை.

"சரி, காரை யாரு ஓட்டுவாக?"

"எந்தம்பி இருக்கான்ல."

அந்தத் தம்பி என் அப்பா. அப்பா டிரைவராக இருந்தவர். இது எனக்குத் தெரியும். பீரோவில் ஓர் ஓட்டுநர் உரிமம் இருந்தது, மீசை இல்லாத அப்பாவின் படத்தோடு. அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் கோடவுன் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பஸ்ஸில் போய் இரவு ஏழு மணிக்குப் பஸ்ஸில் திரும்புவார். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நான் அப்பாவை டிரைவர் என்றுதான் சொல்வேன். கோடவுனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

விருதுநகரில் காரைப் பார்த்து முடிவு செய்ய அப்பாவும் அத்தையும் சேர்ந்துதான் போனார்கள். திரும்பி வரும்போது விற்றவரின் ஆள் ஒருவர் காரை ஓட்டிவந்தார். பக்கத்தில் அத்தை, கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா அதில் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பஸ்ஸில் வந்து இறங்கினார். பத்திரத்தில் ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று சொன்னார். நான் அதற்குள் காரின் ஹாரனை நாற்பது தடவை அடித்துப் பார்த்திருந்தேன். அப்பா ஏன் பஸ்ஸில் வந்தார் என்பது அந்த மகிழ்ச்சியில் ஒரு பொருட்டாகவே படவில்லை.

மறுநாள் காலை நான் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அப்பா காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். டயரை விரலால் அழுத்தினார். குனிந்து அடியில் பார்த்தார்.

"பழைய வண்டி. அப்படியே எடுத்துறக் கூடாது. ஒரு தடவ மெக்கானிக் பாத்துறட்டும்" என்றார்.

நியாயமான பேச்சு. யாரும் மறுக்கவில்லை. சாத்தூரிலிருந்து மெக்கானிக்கே வந்து ஓட்டிக்கொண்டு போனார். அப்பாவைவிட வயதில் சிறியவர், ஒல்லியானவர். எதையும் இரண்டு தடவை யோசித்துத்தான் சொல்வார். பார்த்துவிட்டு அன்று மாலையே போனில் சொல்லிவிட்டார். ஆயில் மாற்ற வேண்டும், முன்பக்கப் பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றன, ஒரு டயர் மாற்றினால் நல்லது. மற்றபடி எஞ்சின் அருமை. மூன்று நாளில் தந்துவிடலாம்.

அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு கம்பெனியில் அச்சுப் பிசகிய காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். மெக்கானிக் சொன்ன மூன்றுக்குக் கீழே அவராக நான்கு சேர்த்தார். முன்பக்கம் மட்டும் ஏன், நான்கு சக்கரத்திலும் பிரேக்கை மாற்று. பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்று. அது போகிற குழாய்களை மாற்று. ஒரு டயர் எதற்கு, நான்கையும் மாற்று.

முதல் வாரம் அந்த வேலைகளில் போயிற்று. முடிந்தது என்று மெக்கானிக் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சாத்தூர் போனார். அன்று காரில் வரப் போகிறோம் என்று நினைத்து, என் தோழிகள் மூன்று பேரைச் சாயங்காலம் சாலையோரம் நிற்கச் சொல்லியிருந்தேன். ஷெட்டில் அப்பா காரைச் சுற்றி வந்தார். ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தார். உள்ளே உட்காரவில்லை. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, உடம்பை உள்ளே வளைத்து, உள்ளங்கையால் பிரேக்கை அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக அமுக்கி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு விட்டார். டாக்டர் நாடி பார்ப்பதுபோல இருந்தது.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டே, "கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்க மாதிரி இல்ல?" என்றார்.

"இல்லியே அண்ணாச்சி" என்றார் மெக்கானிக்.

"எதுக்கும் பாத்துரு."

நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். சாலையோரம் நின்ற மூன்று பேரையும் நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், நல்ல டிரைவர்கள் பிரேக்கைக் கையால்தான் பார்ப்பார்கள், காலால் பார்த்தால் சரியாகத் தெரியாது என்று விளக்கினேன். மினி பஸ் டிரைவரின் மகள் ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். அவள் வீட்டில் விசாரித்துவிட்டு அடுத்த நாள் வந்து, "எங்கப்பா காலாலதான் பாப்பாராம்" என்றாள். "அப்ப ஒங்கப்பாவுக்கு இன்னும் தெரியல" என்றேன். நாங்கள் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

இப்படியே ஒவ்வொரு ஞாயிறும் ஆயிற்று. கிளட்ச் முடிந்ததும் ரேடியேட்டர் குழாய். அது முடிந்ததும் பேட்டரி. பிறகு முன்விளக்கு. நாங்கள் பகலில் போய்ப் பகலில் திரும்பப் போகிறவர்கள். பிறகு மழைநீரைத் துடைக்கும் வைப்பர். எங்கள் பக்கம் அந்த வருஷம் கார்த்திகையோடு மழை நின்றுவிட்டது, இது மாசி. ஸ்டெப்னி டயரில் காற்று இருந்தது, ஆனால் அதை மாட்ட வேண்டிய ஜாக்கி துருப்பிடித்திருந்தது. ஜாக்கி மாற்றியதும் பின் சீட்டில் பெல்ட் இல்லை என்று தெரிந்தது. காலண்டர் தாளில் பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக அடிபட்டன. அடிபட்ட இடத்துக்குக் கீழே புதிதாக ஒன்று முளைத்தது.

நான் அப்பாவைப் பற்றிப் பெருமையும் பட்டேன், எரிச்சலும் பட்டேன். இவ்வளவு தெரிந்த ஒருவர் கையில் ஒரு கார் அகப்பட்டால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் அத்தை எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரம் என்ன சொல்லுதான் ஒம்புருசன்?"

"வைப்பர் மாத்தணுமாம் மதினி."

"மழையா கொட்டுது இங்கன?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, கையில் இருந்த வெங்காயம் உருண்டு போயிற்று. நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். அத்தை தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, "மாத்தட்டும் விடு. எம்புட்டு மாத்துவான், பாப்போம்" என்றாள். அம்மா மறுபடி வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையும் எங்களோடு சாத்தூருக்குக் கிளம்பினாள். துணிப்பை ஒன்றில் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளையும் ஊக்குகளையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டாள். ஷெட்டில் மெக்கானிக் அவளுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கார் அன்று சக்கரங்களோடு தரையில் நின்றது. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"தம்பி, இந்த வண்டியில இன்னும் என்ன வேல பாக்கியிருக்கு? உண்மையச் சொல்லு" என்று அத்தை மெக்கானிக்கிடம் கேட்டாள்.

மெக்கானிக் அப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "அக்கா, போன மாசமே முடிஞ்சு போச்சு. அண்ணாச்சி சொல்றாகன்னு ஒண்ணொண்ணாப் பாக்கேன். நல்லாயிருக்கிற சாமானக் கழட்டிட்டு வேற போடுறது எனக்கே கூச்சமா இருக்கு."

"இன்னும் ஒரு வேல இருக்கு" என்றார் அப்பா. "டைமிங் பெல்ட். எஞ்சினுக்கு உள்ள இருக்கும், வெளிய தெரியாது. அது அறுந்தா நடுரோட்டுல வண்டி நின்னுரும்."

"அது நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. மாத்தி ரொம்ப நாள் ஆகலன்னு வித்தவரே சொல்லியிருக்காக."

அத்தை எனக்குக் காசு கொடுத்து, எதிர்க் கடையில் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிவரச் சொன்னாள். கடையில் கூட்டம். நான் நான்கு பாட்டில்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது மெக்கானிக் விலகிப் போய் ஒரு பைக்கைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். அப்பா காரில் சாய்ந்து நின்றார். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல் தாழ்ந்திருந்ததால், நான் ஏதோ திட்டு விழுகிறது என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். அந்த வேன்ல பிரேக்கு எறங்குதுன்னு நீ வேன்காரன்ட்டச் சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சீசன் முடியட்டும், மொத்தமாப் பாத்துக்கிடலாம்னான்."

"நீ?"

"சரின்னேன். சரின்னுட்டு மறுநா காலைல வண்டிய எடுத்தேன். அதான்க்கா."

"என்ட்டயுந்தான சொன்ன? முந்துன நா சாயந்தரம் வாசல்ல நின்னு, பிரேக்கு கொஞ்சம் எறங்குதுக்கான்னு சொன்ன. நான் என்ன சொன்னேன்?"

அப்பா கதவின் கைப்பிடியை விரலால் தேய்த்தார்.

"லீவு போட்டா போனசுல பிடிச்சிருவாக, மெதுவாப் போவோம்னு சொன்னேன். சொல்லிட்டு நானேதான் முன்சீட்டுல ஏறி ஒம்பக்கத்துல உக்காந்தேன். அப்பப் பாதி என்னையச் சேருமா, சேராதா?"

அவர்கள் எந்த வேனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அம்மா சொன்னாள். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்பா பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். அத்தையும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். தீபாவளிக்கு முந்தைய மாதம், வேலை உச்சத்தில் இருந்த நேரம். வெம்பக்கோட்டைக்கு முன்னால் ஓர் ஓடைப்பாலத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அப்பா மிதித்தார். பிரேக் அடி வரைக்கும் போய்விட்டது, வண்டி நிற்கவில்லை. ஆடுகளையும் மேய்த்தவரையும் விட்டு வண்டியை விலக்கி ஓடைக்குள் இறக்கினார். வேன் மணலில் சாய்ந்தது. உள்ளே பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. சிராய்ப்பு, கை பிசகல் என்று தப்பித்தார்கள். முன்சீட்டில் இருந்த அத்தையின் கால் மட்டும் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அப்பா ஒரு ஸ்டீரிங்கையும் தொடவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை.

இதெல்லாம் தெரியாமல், நான்கு சோடா பாட்டிலோடு, சோடாவில் குளிர்ச்சி போய்விடுமே என்ற ஒரே கவலையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"வாடகைக் காரு பிடிச்சு எம்மகளக் கூட்டியார எனக்குத் தெரியாதா?" என்றாள் அத்தை. "ரெண்டு வருசமாச் சீட்டுக் கட்டி எதுக்குலே இத வாங்கிப் போட்ருக்கேன்?"

அப்பா காரின் பானெட் மேல் கையை வைத்தார். பிறகு, "அந்தப் பெல்ட்ட மட்டும் ஒருக்கா கழட்டிப் பாத்துறட்டும்க்கா" என்றார், சின்னப் பையன் கேட்பதுபோல.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாக்கட்டும். எம்புட்டு நேரம் ஆகும் தம்பி?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்க்கா."

"நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

அவள் பையிலிருந்து ஒரு பச்சை ஜாக்கெட்டை எடுத்து ஊக்கு வைத்துத் தைக்கத் தொடங்கினாள். மெக்கானிக் மனசில்லாமல்தான் வேலையை ஆரம்பித்தார். அவர் கழற்றிக் கழற்றித் தரையில் வைத்த போல்ட்டுகளை நான் வரிசைப்படுத்தினேன். அத்தை மூன்றாவது ஜாக்கெட்டில் இருந்தபோது, காருக்குள் குனிந்திருந்தவர் அசையாமல் அப்படியே நின்றார். பிறகு ஒரு கறுப்பு ரப்பர் பட்டையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

பட்டையின் உள்பக்கம் சீப்பைப்போலப் பற்கள் இருந்தன. இரண்டு இடத்தில் பல் இல்லை. வளைத்த இடமெல்லாம் நுணுக்கமாக வெடித்திருந்தது.

"இது ராஜபாளையம் போய்ச் சேந்திருக்காது. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றார் மெக்கானிக். அவர் முகம் சிறுத்துப் போயிருந்தது.

அப்பா அதைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டுப்போன ஒரு பொருளைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு நிம்மதி அடைந்ததை நான் அதற்குப் பிறகு இன்றுவரை கண்டதில்லை. இரண்டு மாதமாகத் தேடிய பழுது கையில் வந்து சேர்ந்துவிட்டதுபோல, ஒரு நீண்ட மூச்சை விட்டார். அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, புதுசு போடு. இதோட போதும்ல?" என்றாள்.

"போதும்க்கா" என்றார் அப்பா.

புதிய பெல்ட் வாங்கி மாட்டி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. அப்பா கதவைத் திறந்தார். நான் அவர் மண்டியிடப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினார். கண்ணாடியைத் திருப்பினார். வண்டியைக் கிளப்பாமலேயே பிரேக்கைக் காலால் பலமுறை மிதித்துப் பார்த்தார். அத்தை யாரையும் கேட்காமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். பின்சீட்டு முழுவதும் எனக்கே. சாத்தூரிலிருந்து ஊருக்கு வருகிற வழியில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். தாண்டியவர் திரும்பி வேறு பார்த்துவிட்டுப் போனார். நான் வெட்கத்தில் சீட்டில் சறுக்கிப் படுத்துக்கொண்டேன். என் அப்பா இவ்வளவுதானா என்று இருந்தது.

வளைகாப்பு அன்று விடியற்காலையில் கிளம்பினோம். பின்சீட்டில் நானும் அம்மாவும், நடுவில் வளையல் தட்டும் கட்டுச்சோற்றுச் சட்டிகளும். அம்மா எனக்கு வாந்தி வந்தால் முகர ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தாள். சிவகாசி வழியாகச் சுற்றிப் போனால் ரோடு நன்றாக இருக்கும் என்றார் அப்பா. "நேரா வெம்பக்கோட்ட வழியாப் போ" என்றாள் அத்தை. அம்மா, "மதினி, நீங்க பின்னாடி வசதியா உக்காருங்க, நான் முன்னாடி வாரேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அத்தை அதைக் காதில் வாங்கவே இல்லை.

அந்த ஓடைப்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் நின்றது. ஆடும் இல்லை, மாடும் இல்லை, எதிரே வண்டியும் இல்லை. பின்னால் வந்த கம்பெனி வேன் ஒன்று ஹாரன் அடித்தது. அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நெடுகச் சீமைக்கருவேல மரங்கள். ஏன் நின்றோம் என்று எனக்குப் புரியவில்லை.

அத்தை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓடையைப் பார்த்தாள்.

"ஏலே, நான் எங்க விழுந்தேன்னே தெரியல பாத்தியா. அம்புட்டு மண்ணையும் அள்ளிட்டுப் போயிட்டானுக."

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். பிறகு கார் நகர்ந்தது. பாலத்தின் மேல் நடக்கிற வேகத்தில் போயிற்று. நடுப் பாலத்தில் அப்பா ஒரு தடவை பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. மறுபடி எடுத்தார். அந்தக் கரைக்குப் போனதும் ஓரங்கட்டிவிட்டு இறங்கி, ஒரு கருவேல மரத்தடியில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

கார் ஓட்டுகிறவருக்கே வாந்தி வருவதை நான் கேள்விப்பட்டதில்லை. என்றாலும் இறங்கி ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கி முகர்ந்தார். என்னை ஒரு கையால் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "சரியாப் போச்சு பாப்பா" என்றார். முகமெல்லாம் ஈரம். அத்தை காரை விட்டு இறங்கவே இல்லை. நேரே முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா பின்னாலிருந்து அவள் தோளில் கை வைத்திருந்தாள்.

ராஜபாளையத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அத்தை மகளின் கை இரண்டும் வளையல். நான் ஐந்து வகைச் சோறு சாப்பிட்டேன். வாசலில் நின்ற காரைப் பற்றி அந்த வீட்டுக்காரர்கள் விசாரித்தபோது, அப்பா சுற்றிக் காட்டி, ஒவ்வொரு சாமானும் புதுசு என்று சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

திரும்பும்போது மூன்று மணி. அத்தை மகளை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போட்டுவிட்டாள் அத்தை. பிறகு பின்சீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். நான் அத்தையிடம் பேச நிறைய வைத்திருந்தேன். எந்தெந்த வளையல் எனக்குப் பிடித்தது, வளையல் போட வந்தவர்களில் யார் அழகு, காரை எப்போது பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவது. ஊரைத் தாண்டுவதற்குள் அத்தை தூங்கிவிட்டாள்.

சும்மா கண்ணசந்த தூக்கம் இல்லை. வாயைத் திறந்து, தலையை அம்மாவின் தோளில் போட்டு, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டு. பின் கண்ணாடியில் மேற்குமலை நீலமாகத் தெரிந்தது. "அத்தே, மலை தெரியுது, பாருங்க" என்று உலுக்கினேன். எழவில்லை. மறுபடி உலுக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா முன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். எழுப்பாதே என்று தலையை ஆட்டினார். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் அவர் வேகத்தைக் குறைத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலக் காரை இறக்கி ஏற்றினார். ஓடைப்பாலம் எப்போது வந்தது, எப்போது போயிற்று என்றே தெரியவில்லை.

அந்த வேன் கவிழ்ந்த நாளிலிருந்து அத்தை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடியதில்லை, எங்கே போனாலும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடியேதான் போய் வருவாள் என்று அம்மா பின்னாளில் சொன்னாள். பயந்தது அப்பா மட்டும் என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னாள். ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. கார் வாங்கி, முதல் முதலாக இவ்வளவு தூரம் போய்வருகிற நாளில் ஒருத்தி வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வருகிறாளே, இவளுக்குக் கார் எதற்கு என்று கோபமாக இருந்தது. ஊர் வந்து சேரும் வரை நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன்.